றொக்கற் இயந்திரத்தைச் செய்த மகன்

புகையிரதத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், ஊரில் ஐந்தாம் வகுப்புவரை படித்த எவரும் ஜோர்ஜ் ஸ்டீவன்சன் என்று சொல்லிவிடுவர். நாமும் அவ்வாறே படித்தோம். பரீட்சையில் அவ்வாறே எழுதிப் புள்ளியும் பெற்றோம். அந்த விடை முற்றிலும் பிழையானதன்று, முற்றிலும் சரியானதுமன்று. ஜோர்ஜுக்கு முன்னரே, 1804ஆம் ஆண்டில், றிச்சட் திரெவித்திக் என்பவர் வேல்ஸ் நாட்டில் தண்டவாளத்தின்மீது நீராவி இயந்திரம் ஒன்றை ஓட்டிக் காட்டியிருந்தார். மேலும், பாடநூல்களில் ஜோர்ஜின் பெயரோடு சேர்த்துப் படம் போடப்படும் றொக்கற் என்னும் இயந்திரத்தைப் பட்டறையில் நின்று உருவாக்கியவர் ஜோர்ஜ் அல்லர். அவருடைய ஒரே மகனாகிய றொபேட் ஸ்டீவன்சனே அதனைச் செய்தவர். தந்தையின் பெயர் மலைபோல் எழுந்து நின்றமையால், மகனுடைய உழைப்பு அதன் நிழலில் மறைந்துவிட்டது. அந்த மகனுடைய வாழ்க்கையையும், அதில் இருபத்தைந்து செப்புக் குழாய்கள் பெற்ற இடத்தையும் இங்கு சொல்ல விரும்புகின்றோம்.

றொபேட் 1803ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 16ஆம் திகதி, வட இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு அண்மையிலுள்ள வில்லிங்ரன் கீ என்னும் ஆற்றங்கரை ஊரிற் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரம் பார்க்கும் தொழிலாளி. மகனுக்கு மூன்று வயது நிரம்பும் முன்னரே தாய் காசநோயால் இறந்தார். ஜோர்ஜ் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். வாலிபனான பின்னரே எழுத்துக் கூட்டப் பழகியவர். தமக்குக் கிடையாத கல்வி மகனுக்குக் கிடைக்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். கையில் மீந்த காசைச் சேர்த்து மகனை நியூகாசிலிலுள்ள நல்ல பள்ளி ஒன்றில் விட்டார். மகனோ அந்நகரத்து இலக்கிய, தத்துவச் சங்கத்தின் நூலகத்திலிருந்து விஞ்ஞான நூல்களை வீட்டுக்குக் கொணர்ந்து, இரவில் தந்தைக்கு வாசித்து விளக்குவார். மகன் படிக்கத் தந்தை கற்ற வீடு அது. அகதியாய் வந்த நாடுகளில் பிள்ளைகளிடம் மொழி கேட்டுப் பழகும் எமது பெற்றோர் பலருக்கு இக்காட்சி புதிதாயிராது.

சிறிது காலம் சுரங்கத்தில் தொழில் பழகி, எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஒரு தவணை படித்தபின், 1823இல் நியூகாசில் போத் வீதியில் தொடங்கப்பட்ட தொழிற்சாலைக்கு றொபேட் பொறுப்பாளரானார். புகையிரத இயந்திரங்களைச் செய்வதற்கென்றே அமைக்கப்பட்ட முதலாவது தொழிற்சாலை அதுவெனலாம். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபதுதான். தொழிற்சாலைக்கு றொபேட் ஸ்டீவன்சன் கம்பனி என மகனுடைய பெயரே இடப்பட்டது.

அடுத்த ஆண்டே அவர் கப்பலேறித் தென்னமெரிக்காவுக்குச் சென்றுவிட்டார். கொலம்பியாவின் வெள்ளிச் சுரங்கங்களில் மூன்றாண்டு வேலை. தந்தையோடு ஏற்பட்ட மனக்கசப்பே அதற்குக் காரணம் என்போரும் உளர். தம் சொந்தக் காலில் நிற்க விரும்பினார் என்போரும் உளர். இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட கனத்த இயந்திரங்கள், கோவேறு கழுதைகள் மட்டுமே ஏறக்கூடிய மலைப்பாதையில் ஏறமாட்டாமற் கிடந்தன. எனவே இருந்த கருவிகளைக் கொண்டே சமாளிக்க வேண்டியதாயிற்று. ஊர் திரும்பும் வழியில், 1827இல், கார்த்தகெனாத் துறைமுகத்தில் கையிற் காசின்றி நின்ற ஒரு மனிதரை அவர் சந்தித்தார். அவர் வேறு யாருமல்லர். நாம் மேலே குறிப்பிட்ட திரெவித்திக்தான். தண்டவாளத்தில் முதலில் நீராவியை ஓட்டியவருக்கு ஊர் திரும்பக் கப்பற் கூலியில்லை. றொபேட் அவருக்கு 50 பவுண் கொடுத்து உதவினார். றொபேட் ஏறிய கப்பலும் வழியில் உடைந்தது. ஆயினும் உயிர் தப்பி, 1827 நவம்பரில் இங்கிலாந்து சேர்ந்தார்.

அவர் வந்து சேர்ந்தபோது தொழிற்சாலை தளர்ந்திருந்தது. தந்தை லிவர்பூலுக்கும் மன்செஸ்ரருக்கும் இடையில் புதிய பாதை அமைக்கும் வேலையில் மூழ்கியிருந்தார். அப்பாதையில் வண்டிகளை எதனைக் கொண்டு இழுப்பது என்ற கேள்விக்குப் பாதை முடியும் தறுவாயிலும் விடை காணப்படவில்லை. ஓடும் இயந்திரங்களை நம்பவேண்டாம். வழிநெடுக நிலையான இயந்திரங்களை நாட்டி, கயிற்றாலே வண்டிகளை இழுக்கலாம் என்று 1829இல் இரு பொறியியலாளர்கள் பணிப்பாளர்களுக்கு அறிக்கை கொடுத்தனர். அவ்வறிக்கை ஏற்கப்பட்டிருந்தால் ஸ்டீவன்சன் குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பும் தொழிற்சாலையும் என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பணிப்பாளர்கள் தயங்கினர். ஈற்றில் 500 பவுண் பரிசு அறிவித்து, ஓடும் இயந்திரங்களுக்கு ஒரு போட்டி வைப்பதெனத் தீர்மானித்தனர்.

இங்கேதான் குழாய்களின் கதை தொடங்குகின்றது.

அதுவரை இருந்த புகையிரதக் கொதிகலன் பெரும்பாலும் நீர் நிறைந்த ஒரு பெரிய உருளை. அதனூடே தீயும் புகையும் செல்வதற்கு அகன்ற ஒரு குழாய். தீயின் வெப்பத்திற் பெரும்பகுதி நீரைத் தொடாமலே புகைபோக்கியால் வெளியேறிவிடும். அகன்ற ஒரு குழாய்க்குப் பதிலாகப் பல சிறிய குழாய்களை வைத்தால் என்ன என்ற எண்ணத்தை றொபேட்டிடம் சொன்னவர் ஹென்றி பூத் என்பவர். இவர் அப்புகையிரதக் கம்பனியின் செயலாளர், பொறியியல் படித்தவரல்லர். இதே எண்ணம் பிரான்ஸ் நாட்டில் மார்க் செகன் என்பவருக்கும் உதித்து, அவர் 1828இலேயே அதற்கு உரிமம் பெற்றிருந்தார். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தாரா என்ற வழக்கு இரு நாட்டாரிடையேயும் நெடுங்காலம் நடந்தது. ஒரே தேவை இரு இடங்களில் ஒரே விடையைத் தேடித்தந்தது என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

கணக்கு எளிது. றொக்கற்றின் கொதிகலன் 6 அடி நீளம், 3 அடி 4 அங்குல விட்டம். அதனுள் 3 அங்குல விட்டமுள்ள 25 செப்புக் குழாய்கள். இந்த இருபத்தைந்து குழாய்களின் வாய்ப் பரப்பும் 15 அங்குல விட்டமுள்ள ஒரேயொரு குழாயின் வாய்ப் பரப்புக்குச் சமம். அதாவது, புகை செல்வதற்கான இடம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் நீரைத் தொடும் சுவரின் பரப்போ இருபத்தைந்து குழாய்களில் ஐந்து மடங்காகின்றது: ஏறத்தாழ 118 சதுர அடி. அதே நெருப்பு, அதே புகை, ஐந்து மடங்கு தொடுகை. ஒரு பானைச் சோற்றை ஒரே வாழையிலையில் குவித்து வைப்பதற்கும் பல இலைகளிற் பரப்புவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. பரப்பிய சோறு விரைவில் ஆறும், புகையும் அவ்வாறே தன் வெப்பத்தை விரைவில் நீருக்குக் கொடுத்துவிடும்.

சொல்வது எளிது, செய்வது அவ்வாறன்று. ஒரு குழாய்க்கு இரண்டு வாய்கள். இருபத்தைந்து குழாய்களுக்கு ஐம்பது வாய்கள். அந்த ஐம்பது இடங்களிலும் செப்புக் குழாய் இரும்புத் தகட்டினுள் நுழைந்து, ஒரு துளி நீரும் கசியாமல் நிற்கவேண்டும். குளிர்ந்தபோது நின்றால் மட்டும் போதாது. வெப்பமேறும்போது செம்பு இரும்பைவிடக் கூடுதலாக நீளும். ஒவ்வொரு முறை தீ மூட்டும்போதும் அணைக்கும்போதும் பொருத்து இழுபட்டும் தளர்ந்தும் துன்புறும். ஒரு வாய் விட்டுக்கொடுத்தால் நீர் நெருப்பின்மேற் பாயும்.

அக்காலத்திற் குழாய் என்பது கடையில் வாங்கும் பொருளன்று. இரும்புக் குழாய்களைச் சூட்டோடு இழுத்து ஓரங்களைப் பொருத்தும் முறைக்கு கொர்னேலியஸ் வைற்ஹவுஸ் என்னும் தொழிலாளி 1825இலேதான் உரிமம் பெற்றிருந்தார். அதற்கு முன்னர், தெருவிளக்குகளுக்கு வாயு கொண்டுசெல்லப் போரில் மீந்த துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று பொருத்திப் பயன்படுத்திய காலமும் இருந்தது. றொக்கற்றுக்கான செப்புக் குழாய்களை நியூகாசிலிலுள்ள ஒரு செப்புக் கன்னாரே செய்து கொடுத்தார்.

அக்குழாய்களைப் பொருத்திய விதம் பற்றி இருவகைச் செய்திகள் உள்ளன. ஸ்டீவன்சன்களின் வரலாற்றைப் பின்னாளில் எழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸ் சொல்வது இது: முதலில் குழாய்களின் நுனிகளில் பித்தளைத் திருகாணிகளைப் பற்றவைத்து, அவற்றைத் தகட்டிலே திருகினார்கள். நீரை நிரப்பி அழுத்தியபோது பொருத்துத்தோறும் நீர் பீறிட்டுத் தொழிற்சாலைத் தரை வெள்ளமாயிற்று. றொபேட் மனமுடைந்து, எல்லாம் தோற்றுவிட்டதெனத் தந்தைக்குக் கடிதம் எழுதினார். மறுதபாலிலேயே தந்தையிடமிருந்து, மனந்தளராமல் மீண்டும் முயலுமாறு கடிதம் வந்தது. திருகாணியை விட்டு, தகட்டில் துப்புரவான துளையிட்டுக் குழாயை இறுக்கிச் செருகும் வழியையும் தந்தை அதிற் குறித்திருந்தார். மகனோ கடிதம் வருமுன்பே அவ்வழியில் வேலையைத் தொடங்கியிருந்தார்.

உள்ளத்தைத் தொடும் கதைதான். எனினும் அதே நாட்களில் றொபேட் ஹென்றி பூத்துக்கு எழுதிய கடிதங்கள் எஞ்சியுள்ளன. அவற்றில் நாம் காணும் மனிதர் சற்று வேறானவர். 1829 ஓகஸ்ட் தொடக்கத்தில், குழாய்கள் நன்றாக அமைந்துள்ளன, அவற்றின் நுனிகளைத் தட்டி இறுக்குவது ஒன்றிலேயே தமக்கு ஐயமுள்ளது என்று அவர் எழுதுகின்றார். பிழை எங்கே வரும் என்பது வருமுன்னரே அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னர் கொதிகலனில் நீரை நிரப்பி, சதுர அங்குலத்துக்கு 70 இறாத்தல் அழுத்தம் ஏற்றியபோது, முகத்தகடு ஓர் அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கு வெளியே புடைத்தது. அந்த அழுத்தத்தில் அத்தகட்டின்மீது முப்பது தொன்னுக்கு மேற்பட்ட விசை தாக்கும் என்பதை நாமே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். தகடு புடைக்க, அதிற் செருகியிருந்த குழாய் நுனிகள் இழுபட்டன. அவர் சோதனையை உடனே நிறுத்தினார். கொதிகலனின் இரு முகங்களையும் இழுத்துப் பிடிக்க நீளவாக்கில் இரும்புக் கம்பிகள் இடுவித்தார். அதன்பின் மீண்டும் அழுத்தம் ஏற்றிப் பார்த்தார். இரண்டு மூன்று குழாய்களே இன்னுஞ் சிறிது தட்டவேண்டியிருந்தன.

கசிந்தது குழாய் வாயில். ஆனால் குற்றம் குழாயில் இல்லை, தகட்டில் இருந்தது. இதனைக் கண்டு பிடித்தமைதான் அந்த ஓகஸ்ட் மாதத்தின் பெரிய வேலை என்பது எமது கருத்து. குழாயையே மேலும் மேலும் தட்டிக்கொண்டிருந்திருந்தால் செப்டெம்பரிலும் அது கசிந்துகொண்டே இருந்திருக்கும். அந்த வேலையை அவர் செய்தபோது திருமணமாகி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. யூன் மாதத்தில் இலண்டனில் பிரான்சிஸ் சான்டர்சன் என்னும் பெண்ணை மணந்து, பட்டறைக்குத் திரும்பியவர் அவர்.

செப்டெம்பரில் றொக்கற் கில்லிங்வேத் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பின்னர் அது கழற்றப்பட்டு, மாட்டுவண்டி போலக் குதிரைவண்டிகளில் காலைல் நகருக்கும், அங்கிருந்து கால்வாயாலும் கடலாலும் லிவர்பூலுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. ஒக்ரோபர் 6ஆம் திகதி றெயின்ஹில் என்னும் ஊரில் போட்டி தொடங்கியது. றொக்கற்றின் எடை 4 தொன் 5 அந்தர். தன் எடையின் மூன்று மடங்கை இழுத்துக்கொண்டு, ஒன்றேமுக்கால் மைல் பாதையில் முன்னும் பின்னுமாகப் பலமுறை ஓடவேண்டும். மொத்தத்தில் அது லிவர்பூலிலிருந்து மன்செஸ்ரருக்குச் சென்று திரும்பும் தூரமாகும்.

மக்கள் விரும்பியது றொக்கற்றையன்று. இலண்டனிலிருந்து வந்த நொவல்ரி என்னும் இயந்திரம் இலேசானது, அழகானது, விரைவானது. பிறெய்த்வெயிற், எரிக்சன் என்னும் இருவர் செய்தது அது. ஆயினும் முதலில் அதன் நீர்க்குழாய் வெடித்தது. பழுதுபார்த்து மீண்டும் ஓட்டியபோது கொதிகலனின் பொருத்து விட்டுக்கொடுத்தது. திமோதி ஹக்வேத் கொண்டுவந்த சான்ஸ்பரெய்ல் என்ற இயந்திரம் எடை கூடியது. அதுவும் இடையிற் பழுதாகி நின்றது. றொக்கற் மட்டுமே குறித்த தூரம் முழுவதையும் ஓடி முடித்தது. சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 14 மைல். சுமை நீக்கி ஓடியபோது அதன் வேகம் 30 மைலை நெருங்கியது. உருளைகளிலிருந்து வெளியேறும் ஆவியைப் புகைபோக்கியினுள் மேல்நோக்கி விட்டமையும் வெற்றிக்கு ஒரு காரணம். எமது அடுப்படியில் ஊதுகுழலால் ஊதுவதுபோல அது தீயை மூட்டிக்கொண்டே இருக்கும். ஊதுவது வாயால் அல்ல, இயந்திரத்தின் ஓட்டத்தால். விரைந்தோட விரைந்தோடத் தீயும் கூடும். அத்தீயின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் குழாய்கள் இருந்தன. பரிசு ஸ்டீவன்சன்களுக்கும் பூத்துக்கும் கிடைத்தது. கயிற்றால் இழுக்கும் பேச்சு அத்தோடு ஓய்ந்தது.

1830 செப்டெம்பர் 15ஆம் திகதி பாதை திறக்கப்பட்ட நாளிலேயே, பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் றொக்கற்றில் அடிபட்டு இறந்தார் என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

குழாய்களோடு பட்ட பாடு போட்டியோடு முடியவில்லை. றொக்கற்றில் முதலில் புகைப்பெட்டி இல்லை. குழாய்களினூடே வந்த சாம்பல் முன்பக்கத்திற் சேர்ந்து கீழ்வரிசைக் குழாய்களை அடைத்தது. அடுத்த ஆண்டு செய்த நோதம்பிறியன் என்னும் இயந்திரத்தில் றொபேட் சாம்பல் விழுந்து தங்குவதற்கு ஒரு பெட்டியும், அதைத் திறந்து துப்புரவாக்கக் கதவும் வைத்தார். பின்னர் றொக்கற்றுக்கும் அவ்வாறு ஒன்று பொருத்தப்பட்டது. குழாய்களின் தொகையும் நூறைத் தாண்டியது. கற்கரித் துணுக்குகள் உராய்ந்து செம்பு விரைவில் தேய்ந்தமையால் 1830களில் பித்தளைக் குழாய்கள் வந்தன. தீப்பக்கத்து நுனிகளை இறுக்கி வைப்பதற்கு உள்ளே வளையங்கள் அடிக்கப்பட்டன. சுத்தியலால் தட்டி விரித்த குழாய் வாயை, உள்ளேயிருந்து சுழலும் சிறு உருளைகளால் சீராக விரிக்கும் கருவியை 1860களில் அமெரிக்காவில் றிச்சட் டட்ஜன் செய்தார். பொருத்துக் கோடே இல்லாத உருக்குக் குழாயை 1885இல் ஜேர்மனியில் மனெஸ்மன் சகோதரர் உருட்டி எடுத்தனர். கரிக்கோச்சி ஓடிய காலத்தில் எமது ஊர்த் தரிப்பிடங்களில் எண்ணெயும் கரியும் பூசிய உடையோடு, நீண்ட கம்பித் தூரிகையைக் குழாய்க்குள் விட்டு இழுத்த தொழிலாளரை எம்முட் சிலர் கண்டிருப்பர். அவர்கள் துப்புரவாக்கியது இந்தக் குழாய்களின் வழித்தோன்றல்களையே.

றொபேட்டின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லலாம். வெற்றிகளின் பட்டியல் நீண்டது, ஆனால் அது வாசிக்கச் சுவையற்றது. இலண்டனிலிருந்து பேர்மிங்ஹாமுக்கு 1838இல் நிறைவுற்ற பாதை அவருடைய பெரும்பணி. நீண்ட கொதிகலன் கொண்ட இயந்திரத்துக்கு 1841இல் உரிமம் பெற்றார். 1842இல் மனைவி இறந்தார். பிள்ளைகள் இல்லை, அவர் மறுமணம் செய்யவுமில்லை.

ஆயினும் 1847 மே மாதம் 24ஆம் திகதியைக் கடந்து செல்ல எம்மால் இயலவில்லை. அன்று செஸ்ரர் நகரில் டீ ஆற்றின்மீது அவர் அமைத்த வார்ப்பிரும்புப் பாலம், புகையிரதம் செல்லும்போது முறிந்தது. ஐவர் இறந்தனர். வார்ப்பிரும்பு நசுக்கும் விசையைத் தாங்கும். இழுக்கும் விசையைத் தாங்காது. தேனிரும்புக் கம்பிகளால் அதனைக் கட்டி இழுத்தால் போதும் என்று அவர் நம்பியிருந்தார். அன்றைய பொறியியலாளர் பலரும் அவ்வாறே நம்பினர் என்பது உண்மை. எனினும் பாலம் அவருடையது. மரணவிசாரணையில் நின்று பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. புகையிரதப் பாலங்களில் இரும்பைப் பயன்படுத்துவது பற்றி ஆராய அரச ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. கொதிகலனின் தகடு ஓர் அங்குலத்திற் சிறு பங்கு புடைத்ததைக் கண்டு வேலையை நிறுத்தியவருக்கு, இங்கே அந்த எச்சரிக்கை கிடைக்கவில்லை.

அப்போது அவர் கையில் இதனினும் பெரிய பாலம் ஒன்று இருந்தது. வேல்ஸ் கரைக்கும் அங்கிள்சித் தீவுக்கும் இடையே மெனாய் நீரிணை. அதன்மேல் 460 அடி நீள இடைவெளிகளைத் தாண்டவேண்டும். அவர் தேர்ந்த வழி மீண்டும் குழாய்தான்: தேனிரும்புத் தகடுகளைத் தறையாணிகளாற் பிணைத்துச் செய்த பெருங்குழாய், அதனுள்ளே புகையிரதம் ஓடும். வில்லியம் பெயார்பெயானும் ஈற்றன் ஹொட்கின்சனும் மாதிரிக் குழாய்களைச் செய்து, முறியும்வரை பாரமேற்றி ஆராய்ந்தனர். ஆயிரத்தைந்நூறு தொன்னுக்கு மேற்பட்ட குழாயை நீரழுத்தப் பொறியால் உயர்த்தும்போது, உயரும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கீழே அடைகொடுத்துக் கட்டிக்கொண்டே வரவேண்டுமென றொபேட் கட்டளையிட்டிருந்தார். 1849 ஓகஸ்டில் பொறி வெடித்தது. குழாய் சில அங்குலமே இறங்கி அடையின்மேல் அமர்ந்தது. 1850 மார்ச் மாதத்திற் பாலம் திறக்கப்பட்டது. அரசு வழங்க முன்வந்த சேர் பட்டத்தை அவர் அவ்வாண்டு ஏற்க மறுத்துவிட்டார்.

எகிப்து, நோர்வே, கனடா எனப் பல நாட்டுப் பாதைகளிலும் பாலங்களிலும் அவருடைய கை இருந்தது. இந்தியாவில் பம்பாயிலிருந்து தொடங்கிய முதற் பாதைக்கும் அவர் ஆலோசகராயிருந்தார். 1858ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, தொழிலில் போட்டியாளரும் வாழ்வில் நண்பருமாகிய புறுனலுடன் கெய்ரோ நகரில் விருந்துண்டார். இருவரும் அப்போதே நோயாளிகள். புறுனல் 1859 செப்டெம்பர் 15ஆம் திகதி இறந்தார். அம்மாதம் நோர்வேயிலிருந்து நோயோடு திரும்பிய றொபேட், ஒக்ரோபர் 12ஆம் திகதி, ஐம்பத்தாறாவது பிறந்த நாளுக்கு நான்கு நாட்களுக்கு முன்னர், இலண்டனிற் காலமானார். வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்தில், பாலங்கட்டிய தொமஸ் ரெல்போட்டுக்கு அருகில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார்.

றொக்கற் 1836இல் ஒரு நிலக்கரிச் சுரங்கப் பாதைக்கு விற்கப்பட்டு, சில ஆண்டுகள் கரி இழுத்தது. அவர் இறந்து மூன்றாண்டுகளின் பின், 1862இல், இலண்டன் நூதனசாலைக்குக் கொடுக்கப்பட்டு, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அந்நகரிலேயே இருந்தது. 2023இல் அது வட இங்கிலாந்தில் ஷில்டன் என்னும் ஊரிலுள்ள புகையிரத நூதனசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அது செய்யப்பட்ட நியூகாசில் நகரம் அங்கிருந்து அதிக தூரமில்லை.